மலையாட்டுப் புழுக்கையும் மட்டாஞ்சேரி ஆடுகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். இது புழுக்கைக் கதை. ஆட்டுப் புழுக்கை. போகிற போக்கில் ஒரு ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற புழுக்கை இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை அதுதான். என் வாழ்க்கையில் நான் தலைகால் புரியாமல் சந்தோஷமாக இருந்த ஒரு மார்கழி முழுக்க அதை உடைத்து, அரைத்து, வேகவைத்து, கண்ணாடித் துண்டில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. தாவரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு கொச்சி மட்டாஞ்சேரி வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் தேவராவில் ஒரு சின்ன ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை, மாதம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவரை நான் சேச்சி என்று கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவர், ஒல்லி உடம்பு, ஓயாத வாய். அவர் பேசுவது மலையாளம்தான், ஆனால் கொச்சியில் பிறந்து வளர்ந்த என் காதில் அது பாதி தமிழாகவே விழும். விழுந்த மாதிரியே எழுதுகிறேன்.

சேச்சியின் ஆராய்ச்சி, மூணாறுக்கு மேலே பாறை உச்சிகளில் மேயும் வரையாடுகளைப் பற்றி. பனிக்காலத்தில் அந்த ஆடுகளுக்குப் போதிய சத்து கிடைக்கிறதா இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. கொச்சிக்காரிக்குப் பனிக்காலம் என்றால் என்ன தெரியும்? எங்களுக்கு மார்கழி என்றால் காலையில் கொஞ்ச நேரம் வியர்க்காது. மேலே அப்படி இல்லையாம். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், வெயில் ஏறினதும் கருகிவிடும். கருகின புல்லில் சத்து இருக்காது. பெட்டை ஆடுகள் நிறைசினையாக இருப்பதும் அதே சமயத்தில்தான், தை மாசியில் குட்டி போடும். காட்டு விலங்கைப் பிடித்து வந்து எடை போட முடியுமா? அது போட்டுவிட்டுப் போகிற புழுக்கையைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரணை எப்படி என்றால், புழுக்கையை நன்றாகக் காயவைத்துப் பொடித்து, அமிலத்தில் வேகவைத்து, அதில் நைட்ரஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கூட இருந்தால் ஆடு நல்ல தீனி தின்றிருக்கிறது, குறைந்தால் வெறும் சக்கையை மென்றிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொடியை வெளுக்க வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், எந்தச் செடியைத் தின்றது என்பதே தெரிந்துவிடும். செரிக்காத இலைத்தோல் துணுக்குகள் அப்படியே கிடக்கும். புல்லின் தோலில் நீள நீளமாக வரிசை கட்டின செல்கள், செடி இலையின் தோலில் கோணல்மாணலாக ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட செல்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது நான் "அய்யோ சேச்சி!" என்று கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தார். ஒரு புழுக்கைக்குள் ஒரு மலைச்சரிவே இருந்தது. அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன்.

வீட்டில்தான் வந்தது வினை. எங்கள் தாத்தாவைத் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குக் கூட்டி வந்ததே, வீடு வீடாகக் கக்கூஸ் வாளி தூக்குவதற்கு. அப்பாவும் சின்ன வயதில் தூக்கியிருக்கிறார். பிறகு வாளி போய்ச் சாக்கடை வந்தது, நகரசபையில் துப்புரவு வேலை நிரந்தரமானது, ஆனால் அள்ளுவது மட்டும் மாறவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். மகள் கையில் அது படக்கூடாது. அதற்காகத்தான் என்னைக் கல்லூரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டார். நானோ பட்டத்தை வாங்கிக்கொண்டு நேராகப் போய்ப் புழுக்கையில் கையை வைத்தேன்.

"ரெண்டு தலைமுறையா அள்ளினது மதியாவலையா, போதாதா? உன்னைப் படிக்க வச்சது, நீயும் போய் ஆட்டுப் பீயை அள்ளுறதுக்கா?"

"பீ இல்லப்பா, புழுக்கை."

"பேரை மாத்துனா மணம் மாறுமாடி?"

"காஞ்சதுக்கு மணமே கிடையாது. வேணும்னா கொண்டு வர்றேன், மோந்து பாருங்க."

அந்த வாய்க்கு நான் அன்றைக்கு அடி வாங்காமல் தப்பித்தது அம்மா அப்போது வீட்டில் இருந்த புண்ணியம். அம்மா அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்காகப் பொள்ளாச்சிக்குப் போன பிறகு, குறுக்கே பேச ஆளில்லாமல் அப்பா முடிவே எடுத்துவிட்டார். "தை பொறக்கட்டும். பொறந்ததும் வேற வழி பாக்கணும். கடையில கணக்கெழுது, டைப் அடி, ஒண்ணும் இல்லைன்னா வீட்ல உக்காரு. இந்தப் பணி வேண்டாம்."

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் ஜனவரிக் கடைசியில் சேச்சியோடு மலைக்குப் போக ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் இல்லாத சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் ஒரு ஆட்டின் புழுக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆட்டைப் பார்த்ததில்லை! தை பிறந்ததும் வேலையும் போகும், மலையும் போகும். அப்பாவிடம் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒரு ராத்திரி சாப்பிடாமல்கூடப் படுத்தேன். அவர் என் பங்கு மீனையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

இந்த லட்சணத்தில் ஆய்வகத்தில் ஓவன் கெட்டுப்போனது. புழுக்கை காயவைக்கிற ஓவன். சேச்சி டிசம்பரின் முதல் உறைபனிக்குப் பிறகு சேகரித்த புழுக்கைகளைக் கொடுத்துவிட்டு மறுபடியும் மலைக்குப் போய்விட்டார். உச்சிச் சரிவு, நடுச் சரிவு, கீழ்ச் சரிவு என்று மூன்று உறைகள். மெக்கானிக் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று டபாய்த்துக்கொண்டிருந்தான். கொச்சிக் காற்றில் உப்பையே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும், ஈரப் புழுக்கையைக் கேட்க வேண்டுமா? இரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும் போல இருந்தது. பூத்தால் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். அப்போதுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் பக்கத்து வீடு. வேலை, மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு கிடங்குக்குப் பின்னால் சுக்குக் காயவைக்கிற சிமெண்டு முற்றத்தில். வெயில் சுளீரென்று அடிக்கிற அந்த முற்றத்தைவிட நல்ல ஓவன் கொச்சியில் ஏது? மூன்று முறத்தில் மூன்று உறையையும் தனித்தனியாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதின துண்டுத்தாளைக் கல்லுக்கு அடியில் வைத்து, அத்தையிடம் ஒப்படைத்தேன்.

"இதுக்காடி ஆபீசுல பூட்டெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க?" அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் சுக்குப் புரட்டிக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். "நோக்குங்கடி, எங்க வீட்டு டாக்டரம்மா கொண்டு வந்திருக்குற மருந்தை!"

"சிரிக்காத அத்தை. ஒண்ணுகூடக் குறையக் கூடாது, ஒண்ணோட ஒண்ணு கலக்கவும் கூடாது. குறைஞ்சா என் வேலை போயிரும்."

"எங்கிட்டயா சொல்லுற? நான் இந்த முற்றத்துக்கு வந்த நாள்லேருந்து ஒரு துண்டு சுக்கு கொறைஞ்சிருக்கா? தைரியமாப் போ."

தைரியமாகப் போனேன். சாயங்காலம் அத்தையே மூன்றையும் அந்தந்த உறையில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தாள். கலகலவென்று காய்ந்திருந்தது. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிப்பிடித்தேன், ஒரே இஞ்சி வாசனை.

சேச்சி உதடெல்லாம் குளிரில் வெடித்து, தோல் உரிந்த மூக்கோடு மலையிலிருந்து வந்து சேர்ந்தார். முதல் கேள்வியே "டிசம்பர் என்னாச்சு?" என்பதுதான். அன்றைக்கே உட்கார்ந்தோம். வேகவைத்து வடித்த நீர் பச்சையாக இருக்கும், அதில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டால் ஒரு கட்டத்தில் ரோஸ் நிறமாக மாறும். எவ்வளவு அமிலம் குடிக்கிறதோ அவ்வளவு நைட்ரஜன். உறைபனிக்குப் பிந்தின புழுக்கை, சீக்கிரம் மாறிவிடும் என்றுதான் நினைத்தேன். விடுகிறேன், விடுகிறேன், பச்சை அசையவே மாட்டேன் என்கிறது. சேச்சி என் தோளுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னும் விடு."

"விட்டுட்டேதான் இருக்கேன் சேச்சி."

"இன்னும் மாறலையா? என்ட தெய்வமே!"

கடைசியில் மாறியபோது சேச்சி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு குதி குதித்தார். அடுத்த உறையும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. "எடி மோளே, மேல ஓணச் சத்யை நடக்குதுடி! பனி விழுந்தும் இவளுங்க வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் இருக்காளுங்க!" அமிலம் இருக்கிற அறையில் குதிக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் இரண்டு பேரும் கைகோத்துக் குதித்தோம். எனக்கு நிஜமாகவே நிம்மதி. முகம் தெரியாத அந்தச் சினை ஆடுகளுக்காக நான் எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறேன் தெரியுமா?

என்னதான் தின்கின்றன என்று பார்ப்போம் என்று மைக்ராஸ்கோப்பைத் திறந்தோம். முதல் ஸ்லைடில் நீளமாக, தடிமனாக, ஒரு நார். சேச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இது புதுசா இருக்கே. மேல ஏதோ நார்ச்செடி. நாம இதுவரைக்கும் பதிவு பண்ணாதது!" குரலில் ஒரு நடுக்கம், புதிய செடியைக் கண்டுபிடித்த நடுக்கம். அடுத்த ஸ்லைடில் அரைகுறையாகக் கூழாகிப்போன வெள்ளை இழைகள், ஓரத்தில் திட்டுத் திட்டாக நீல நிறம். "நீலமா? பூவா இருக்குமோ?" என்றார் சேச்சி. மூன்றாவதில் சிவப்பாக, மினுமினுவென்று ஒரு தோல். சேச்சி ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுற்றுலாக்காரங்க ஏதாவது பொட்டலத்தைப் போட்டிருப்பாங்களோ?" என்றார் மெதுவாக.

எனக்கு அந்தச் சிவப்புத் தோலை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கேயோ என்ன எங்கேயோ, மிளகாய்க் கிடங்கு வாசலில் பிறந்து வளர்ந்தவளுக்கு வற்றல் மிளகாயின் தோல் தெரியாமல் போகுமா? மறுபடி முதல் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். நார்ச்செடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சணல். சாக்குச் சணல்! அந்த நீலம், போஸ்டர்.

மட்டாஞ்சேரி ஆடுகளை உங்களுக்குத் தெரியாது. பஜார் தெருவில் முதலாளிமார்களைவிட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பவை அவைதான். லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவான், அவை நகராது. முட்டைக்கோஸ் தழை, பலா இலை, சாக்கு நுனி, சிந்தின அரிசி, மிளகாய், ராத்திரி ஒட்டின போஸ்டரைப் பசை காய்வதற்கு முன்னால் சுவரிலிருந்து உரித்து ஒரு வாய். நாளெல்லாம் விருந்து. அவற்றின் புழுக்கையில் நைட்ரஜன் கூடாமல் என் புழுக்கையிலா கூடும்?

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், ஸ்லைடெல்லாம் கடகடவென்று ஆடுகிறது, சேச்சி "எந்தாடி, எந்தாடி" என்று உலுக்குகிறார். மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். ஓவன் கெட்டது, முற்றம், முறம், எல்லாம். கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு முதல் உறைபனி ஒரு தடவைதான் விழும். அந்தப் புழுக்கை இனிமேல் எங்கே தேடினாலும் கிடைக்காது.

சும்மா இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெரிய சார் வந்துவிட்டார், அவர்தான் ஆய்வகத்துக்குத் தலைவர். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. "மாதிரிகளைக் கேட்காம வீட்டுக்குக் கொண்டு போற ஆள் நமக்கு வேண்டாம். இந்த மாசத்தோட அனுப்பிடுங்க" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார். தை பிறப்பதற்கு முன்னாலேயே எனக்கு வேறு வழி பிறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அத்தையிடம் போனேன். "அத்தை, உண்மையைச் சொல்லு. முறத்துல என்ன பண்ணினே?"

அத்தை பெருமையோடு சொன்னாள், அதுதான் கொடுமை. "உச்சிக்குச் சாப்பிட உள்ள போயிட்டு வந்து பாக்குறேன், காத்துல முற்றம் பூரா செதறிக் கெடக்குடி! எனக்கு உயிரே போயிருச்சு. ஒண்ணுகூடக் கொறையக் கூடாதுன்னியே. வெளக்குமாத்தை எடுத்து மூலை முடுக்கு விடாமக் கூட்டி, பாத்துப் பாத்து, மூணு முறத்துக்கும் சமமாப் பங்கு வச்சுப் போட்டேன். ஒண்ணு விடலை!"

"காத்தா? அத்தை, கதவு தொறந்து கெடந்துச்சா?"

"கதவு எப்பவுந்தான் தொறந்து..." என்று ஆரம்பித்தவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த முற்றத்தின் சட்டம் அப்படி. சாயங்காலம் முதலாளியின் ஆள் தராசோடு வருவான். காய்ந்து குறைகிறது என்றால் ஒத்துக்கொள்வான், அதற்கு மேல் குறைந்தால் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போனதாகத்தான் பேச்சு. அதனால் தரையில் எது சிந்திக் கிடந்தாலும், அவன் வருவதற்குள் கூட்டி எடுத்துப் பக்கத்துக் குவியலில் போட்டுவிடுவார்கள். குறைந்தால் திருட்டு, கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். வாழ்நாளெல்லாம் அந்தப் பயத்தில் வேலை செய்தவள், என் புழுக்கையையும் குறையாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

என் வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் அத்தை போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, சாயாவைக் கையில் எடுத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். "நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு அந்தச் சாயாவைத் தட்டிவிட வேண்டும் போல ஆத்திரம்.

சாயாவைப் பாதி குடித்தவர் நிறுத்தினார். "என்ன சொல்லி அனுப்புறாங்க?"

"சொல்லாம எடுத்துட்டுப் போனேன்னு."

"எடுத்துட்டுப் போனியா? திருட்டுப் பட்டமா கட்டுறாங்க?" டம்ளரை டக்கென்று கீழே வைத்தார். "நகரசபையில இத்தனை வருசத்துல என்னை ஒருத்தன் அப்படிச் சொன்னதில்ல. நாளைக்குக் காலையில நான் வர்றேன்."

"நீங்கதானேப்பா விடச் சொன்னீங்க!"

"நான் விடச் சொல்லலாம். அவன் யாரு சொல்ல?"

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் தோப்பும்படி வழியாகத் தேவராவுக்குப் போன பஸ்ஸை என்னால் மறக்க முடியாது. அப்பா கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பேசப்போகிறதையெல்லாம் முணுமுணுவென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். அத்தை மடியில் ஒரு பொட்டலம் சுக்கு, சேச்சிக்குக் கொடுக்க. "இது ஆடு மிதிக்காததுடி, நானே பொறுக்கினது" என்று என்னிடம் நாலைந்து தடவை சொன்னாள். கண்டக்டர் உட்பட பஸ்ஸில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோனது. பாலம் ஏறும்போது பின் சீட்டில் யாரோ "மே..." என்று கத்தினான். திரும்பி நான் பார்த்த பார்வையில் அடங்கினான், ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆய்வகத்தில் நுழைந்ததுமே அத்தை சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், குத்தம் எங்க வீட்டுதுதான், ஆனா எம் பொண்ணு..." என்று ஒத்திகையைத் தொடங்கினார். சேச்சி கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

"அச்சன் இருங்க. யாரும் எங்கயும் போகலை. ஓவனைச் சரி பண்ணிக் கொடுக்காதது ஆபீசு. அதை நான் எழுதிக் கொடுத்தா, அப்புறம் யாரை வீட்டுக்கு அனுப்பணும்னு சாரையே கேட்டேன். அவர் ஒண்ணும் மிண்டலை, வாயை மூடிட்டுப் போயிட்டார்." பிறகு என்னைப் பார்த்தார். "உன்கிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு உறையிலேருந்தும் ஒரு பிடி உப்புல போட்டு வச்சிருந்தது நேத்து ஞாபகமே வரலை. எந்தச் செடின்னு அதுலயே பாத்துக்கலாம். உப்புல போட்டதுல நைட்ரஜன் பாக்க முடியாது, அதுதான் போச்சு. போனது போகட்டும். ஜனவரிக்கு எனக்கு மலைக்கு ஆள் வேணும்."

அப்பாவுக்குப் பேசக் கொண்டு வந்ததெல்லாம் வீணாகிவிட்டது. "அதுக்குச் சம்மதமில்ல மேடம்" என்று மட்டும் சொன்னார். "தை பொறந்தா நிறுத்திடுவா. அது நாங்க எடுத்த தீருமானம்." சேச்சி சாயா வரவழைத்தார். அத்தை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்த புழுக்கையைக் குனிந்து பார்த்து, "இது மலையதா, நம்ம பஜாருதா?" என்று சந்தேகம் கேட்டாள்.

"மலையதுதான். உள்ள பாக்கணுமா?" என்று சேச்சி அவளை மைக்ராஸ்கோப் பக்கம் கூட்டிப் போனார். அத்தை பார்த்துவிட்டு "அய்யோ, பாயி பின்னின மாதிரி இருக்கே! தம்பி, இங்க வா, வந்து பாரு" என்று அப்பாவைப் பிடித்து இழுத்தாள். அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கருவியைத் தொட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பிறகு ஓரமாக இருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார்.

வெகுநேரம் நிமிரவில்லை.

"இது என்ன?"

"புல்லுப்பா. ஆடு தின்னது."

"அதுக்குள்ளேருந்தா?"

"ஆமா."

"இதை வச்சு, அது நல்லாத் தின்னுச்சா, அரை வயித்துக்குக் கெடந்துச்சான்னு தெரியுமா?"

"தெரியும்ப்பா. அதுக்குத்தான் பாக்குறோம்."

"அரை வயிறுன்னா என்ன செய்வீங்க?"

சேச்சி பதில் சொன்னார். "வனத்துறைக்கு எழுதிக் கேப்போம். பனி முடியுற வரைக்கும் அந்தச் சரிவுல ஊர் மாடு விடாதீங்க, புல்லைக் கொளுத்தாதீங்கன்னு."

அப்பா நிமிர்ந்தார். கோபம் இல்லை அவர் முகத்தில். ஒரு ஆச்சரியம் இருந்தது. "எங்கப்பன் காலத்துலேருந்து இந்த ஊரோடதெல்லாம் நாங்கதான் அள்ளினோம் மேடம். வாளியைத் தலையில வச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கி நிப்போம், ஜனம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகும். நீ சாப்பிட்டியாடான்னு ஒருத்தன் கேட்டதில்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "ஒரு ஆட்டுக்கு இத்தனை பேரா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அங்கேயே நின்று அழுதேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "போயிட்டு வா" என்றார். "நல்லாக் கிட்ட போய்ப் பாரு. அது சாப்பிட்டுச்சா இல்லையான்னு எனக்கும் வந்து சொல்லணும்." பிறகு மறுபடியும் குனிந்து அந்தக் கண்ணாடியில் கண்ணை வைத்தார்.